ஒன்பது பேருக்கும் வணக்கம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாற்றுக் கருத்தரங்கு. திண்டிவனத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருத்திக்குப் பேசப் பயிற்சி கொடுத்தேன். ஒல்லியானவள், பேசும்போது துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருப்பாள். பிரம்மதேசத்து ஏரிப் பாசனம் பற்றிய அவளுடைய முதல் கட்டுரை. கொடுத்திருப்பதே பத்து நிமிடம், வணக்கத்தை ஒரே வரியில் முடி என்று மூன்று முறை சொல்லியிருந்தேன்.

மேடையேறியவள் அங்கே உட்கார்ந்திருந்த ஒன்பது பேரையும் பட்டத்தோடும் பதவியோடும் தனித்தனியே விளித்தாள். அதிலேயே ஆறு நிமிடம் போயிற்று. ஏரிக்கரைக்கு வந்து மதகைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். எனக்குத் தலையை வலித்தது.

“ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?”

“பேர சொல்லலன்னா அவங்க போனையே பாத்துக்கினு இருப்பாங்க சார். மீதிய சாப்பாட்டு வரிசையில சொல்லிக்கிறேன். அங்க மணி அடிக்க ஆளு இல்ல.”

போய்ப் பார்த்தேன். தலைமை வகித்த பேராசிரியர் சாம்பார் சாதத் தட்டோடு நகர வழியின்றி நின்றார். அவள் மதகைப் பற்றிச் சொல்லச் சொல்ல, “அப்புறம்?” என்றார். சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்து வரும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.