ஆறாவது பிள்ளைக்கு ஒரு போர்ஷன்

காட்டுப்பாக்கத்து ஜெயபாலுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர், இன்னும் பிறக்காத பிள்ளைகள் என்றால். பிறந்துவிட்டவர்களைத்தான் அவரால் சகிக்க முடியாது.

ஆவடி டாங்க் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் எந்தச் சபை என்றாலும் அவரே தலைவர். வீட்டுக்குப் பின்னால் நான்கு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வீடு கேட்டு வருகிறவர்களிடம் பெயர்கூடக் கேட்க மாட்டார். “பசங்க எத்தினி?” என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு விரலுக்கு மேல் நீண்டால் கேட் சாத்தப்படும். பிள்ளைகள் சுவரில் கிறுக்குமாம், முருங்கைக் கிளையை ஒடிக்குமாம்.

1993 டிசம்பரில், ஏரோது மன்னன் கொன்ற பச்சிளங்குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, கருக்கலைப்புக்கு எதிராக ஊர்வலம் நடத்த முடிவு செய்தவரும் அவர்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து குமணன்சாவடி வரை நூற்றிருபது பேர் நடந்தோம். பேனரின் ஒரு கம்பு என் கையில். மீன்பாடி வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில், “கருவிலே கொல்லாதே! கடவுள் தந்த உயிர் அது!” என்று ஜெயபால் முழங்கினார். குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் வரைந்த சுவர் வந்தபோது குரலை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம். எங்களில் பாதிப் பேர் இரண்டோடு நிறுத்திக்கொண்டவர்கள். எப்படி நிறுத்தினோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை.

வழியில் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னா கட்சிப்பா?”

“கட்சி இல்ல அண்ணாத்தே, கர்ப்பம்!” என்றான் பக்கத்தில் வந்தவன்.

குமணன்சாவடி மேடையில் முன்மாதிரித் தாய்க்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பங்குச் சாமியார் தேர்ந்தெடுத்தது லூர்தம்மாளை. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர். ஐந்து பிள்ளைகள், வயிற்றில் எட்டு மாதம். “புள்ளைங்க பாரமில்ல, வரம்னு சொல்லிட்டு உக்காந்துரும்மா” என்று ஜெயபால் சொல்லிக்கொடுத்து மைக்கைக் கொடுத்தார்.

“தோத்திரம் சாமி” என்று ஆரம்பித்தார் லூர்தம்மாள். “நர்சம்மா கலைச்சிடுன்னாங்க. எனுக்கு மன்சு வர்ல. மாதா குட்த்த புள்ளைய நான் எப்டி வாணாம்ன்றது?”

கைதட்டல். ஜெயபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் லூர்தம்மாள் உட்காரவில்லை.

“இப்ப கீற ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போன மாசம் ஐயா ஊட்டாண்ட போய்க் கேட்டேன். அஞ்சு புள்ளைன்னதும் கேட்டைச் சாத்திட்டாரு. அன்னிக்கி அவருக்குத் தெர்ல போல. இன்னிக்கி அவரே வரம்ன்றாரு. ஐயா, அந்த போர்ஷன் இன்னும் காலியாத்தான கீது?”

குத்திக்காட்டும் குரலே இல்லை அது. வீடு கேட்கும் குரல். அதனால்தான் யாருக்கும் குறுக்கே பேச வாய் வரவில்லை. ஜெயபால் பொன்னாடையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“காலிதான்... பெயின்ட் அடிக்கணும்.”

“நான் பெயின்டர்தான் ஐயா, நானே அட்ச்சிக்கிறேன்!” என்று கூட்டத்திலிருந்து லூர்தம்மாளின் புருஷன் அந்தோணிராஜ் குரல் கொடுத்தார்.

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அப்புறம் என்ன ஜெயபால்?” என்றார். அன்று எழுந்த கைதட்டல் மாதிரி அந்த மேடை அதற்கு முன் கேட்டிருக்காது. ஜெயபாலின் தலை மெல்ல ஆடியது. சம்மதம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சாமான் வந்து இறங்கியது. ஜனவரி கடைசியில் பெண் பிறந்தது. சாமியார் சொன்னதால் ஜெயபாலே ஞானத்தந்தை. ஞானஸ்நானத்தின்போது, வெடிக்கப்போகிற பட்டாசைப் பிடிப்பதுபோல் குழந்தையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டும் ஊர்வலம் நடந்தது. மேடையேறும் தாய்க்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று ஜெயபால் முன்கூட்டியே விசாரித்துவிட்டார். பூந்தமல்லியில் மாடி வீட்டுக்காரம்மா ஒருவர், ஒரே மகன், இருபது நிமிடம் பேசினார். முன்வரிசையில் ஆறு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த லூர்தம்மாள்தான் விடாமல் கைதட்டினார்.