போஸ்த்யாவ் மொழிபெயர்த்த மூன்று நாள்

மக்காவ் துறையில் ஹாங்காங் கப்பல்களைக் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை போஸ்த்யாவுக்கு. கோவாவின் குர்த்தோரிம் ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். கான்டனீஸ் பேச்சைக் கயிற்று ஆட்களிடம் கற்றுக்கொண்டதால், ரகசியம் சொன்னாலும் எதிர்க்கரைக்குக் கேட்கும். கொங்கணியும் கான்டனீஸும் அக்கா தங்கை என்பது அவருடைய கட்சி.

"எப்படிய்யா சொந்தமாகும்?" என்பான் கூட வேலை செய்யும் ஃபாட். "எங்க பாஷைல ஒரே சொல்லை ஏத்தி இறக்கினா ஆறு அர்த்தம். உன் பாஷை சளி பிடிச்சவன் பேசுற மாதிரி மூக்கால வருது."

"ஆளைப் பார்த்தவுடனே என்ன கேக்குறோம்? ரெண்டுலயும் சாப்பிட்டாச்சான்னுதான். காய்ச்சல்னா ரெண்டு வீட்லயும் கஞ்சி, தொட்டுக்கக் கருவாடு. ரெண்டு பாஷைலயும் பாசமா பேசினா, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைன்னு நினைச்சு எட்டிப் பார்ப்பான். வேற என்னடா வேணும்?"

கஞ்சிக்கடையில் வேலை பார்த்த ஸியூவானை அவர் கல்யாணம் செய்துகொண்டதும், ஊரிலிருந்த அக்கா எர்மெலிந்தா கடிதம் போடுவதை நிறுத்திவிட்டாள். எட்டு வருடம் ஒரு வரி இல்லை. பெண் குழந்தை அபோலின் பிறந்தபோதும் இல்லை. இரண்டாவதாகப் பையன் பிறந்த பிறகுதான் கடிதம் வந்தது. 'ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். நம் முறையில் பிள்ளை வளர்க்கிறீர்களா என்று பார்ப்பேன். பிடித்தால் நானே ஞானத்தாய்.'

போஸ்த்யாவ் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் கயிறு கட்டினார். தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் எர்மெலிந்தாதான்.

அவள் புதன்கிழமை இறங்கினாள். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் குழந்தைக்காகத் தானே தைத்த வெள்ளை அங்கி இருந்தது.

வீட்டில் இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. நடுவில் போஸ்த்யாவ்தான். "இந்தப் பெண் ஏன் எப்பவும் கத்துறா?" என்று அக்கா கேட்டால், "உன் குரல் கணீர்னு இருக்காம்" என்று மனைவியிடம் சொல்வார். "உங்க அக்கா ஏன் என் மீனை முகர்ந்து முகர்ந்து பார்க்குறாங்க?" என்று மனைவி கேட்டால், "வாசனை நல்லாயிருக்கான்னு கேக்குறா, மானா" என்று அக்காவிடம் சொல்வார். அக்காவை அவர் மானா என்றுதான் கூப்பிடுவார்.

பெரிய இடைஞ்சல் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ஸியூவானின் வழக்கத்தில், பிள்ளைகள் சாப்பிடும் குச்சியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெரியவரையும் உறவுமுறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவர் பதில் கொடுக்க வேண்டும். அபோலின் அத்தையைப் பார்த்து, "கூமா, சாப்பிடுங்க" என்றாள். எர்மெலிந்தாவின் வழக்கத்தில், சாயங்கால ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்பும் கைகூப்பி ஆசி கேட்க வேண்டும். போஸ்த்யாவ் இதை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு வருடம் ஓடிவிட்டது.

"என்ன சொல்றா?" என்று அக்கா கேட்டதும், அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "உன்கிட்ட ஆசி கேக்குறா, மானா."

எர்மெலிந்தாவின் முகம் மலர்ந்தது. "தேவன் உனக்கு நல்லது செய்யட்டும், மகளே." அபோலினுக்கு அது பதிலாகப் போதும். ஸியூவானும் திருப்தியாகச் சோறு வைத்தாள். இப்படியே மூன்று ராத்திரி போயிற்று.

சனிக்கிழமை மூடுபனியால் கப்பல்கள் தாமதமாயின. அவர் எடுத்திருந்த விடுமுறையை ரத்து செய்து வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் திரும்பியபோது மேசையில் மீன் ஆறிக்கிடந்தது. யாரும் தொடவில்லை. அபோலின் அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். வெள்ளை அங்கி பெட்டிக்குள் திரும்பியிருந்தது.

"கை கூப்பாம ஆசி கேக்குறாளேன்னு, நான் அவ முன்னால கைகூப்பிக் காட்டினேன்டா, போஸ்த்யாவ்," என்றாள் எர்மெலிந்தா. "ஆசின்னா என்னன்னே அவளுக்குத் தெரியல. மூணு நாளா என்னை ஏமாத்திட்ட. நாளைக்கு நான் பிள்ளையைத் தூக்க மாட்டேன்."

"குழந்தை மூணு தடவை கூமான்னு கூப்பிட்டா," என்றாள் ஸியூவான். "உங்க அக்கா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பதில் சொல்லலேன்னா என்ன அர்த்தம்? நீ எனக்கு யாருமில்லேன்னுதானே?"

அவருக்கு வழக்கம்போல இனிப்பாக ஏதோ நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கொங்கணியில் ஒரு முறையும் கான்டனீஸில் ஒரு முறையும், நடந்ததை நடந்தபடியே சொன்னார். "பொய் சொன்னது நான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

"ஒரே மாதிரியா?" என்றாள் அக்கா. "ஒண்ணு ஆசீர்வாதம், இன்னொண்ணு சோறு!"

"ரெண்டுலயும் பிள்ளை ஒருத்தரையும் விடாம முறை சொல்லிக் கூப்பிடுது, மானா. பெரியவங்க பதில் சொல்ற வரைக்கும் நிக்குது."

அதையே மனைவியிடம் கான்டனீஸிலும் சொன்னார். ஸியூவான் பாத்திரத் துணியால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "எட்டு வருஷம் கூடப் படுத்து எழுந்தும் இதை என்கிட்ட சொல்லலியே, மரமண்டை! ஆசி கேக்குற அந்த வார்த்தையைச் சொல்லு."

சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் முன் போய்க் கைகூப்பினாள். கொங்கணிச் சொல் அவள் வாயில் ஏறி இறங்கிப் பாட்டாக வந்தது. அபோலினும் பக்கத்தில் நின்று அதே மாதிரி பாடினாள்.

எர்மெலிந்தா இரண்டு தலையிலும் கை வைத்தாள். "தேவன் நல்லது செய்யட்டும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அபோலின் வாயைத் திறக்குமுன் எர்மெலிந்தா எழுந்து நின்றாள். மூன்று நாளாகக் காதில் விழுந்த கான்டனீஸை வைத்து, தம்பியை, தம்பி மனைவியை, அபோலினை, கடைசியில் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அபோலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ கூமா, பெரியவங்க கூப்பிடக் கூடாது!"

"என்ன சொல்றா?"

போஸ்த்யாவ் ஒரு கணம் தயங்கினார். "தப்பா சொல்றியாம், மானா."

"தப்பாவே இருக்கட்டும். பதில் சொல்லச் சொல்லு."

"ம்," என்றாள் அபோலின், பெரிய மனுஷி மாதிரி.

எர்மெலிந்தா ஆறிப்போன மீனைக் கிள்ளி வாயில் போட்டாள். "சாப்பிட்டதும் இஸ்திரிப் பெட்டி எடுத்துத் தரச் சொல்லுடா. அங்கி கசங்கிக் கிடக்கு."