தலைகீழாகத் தொங்கிய அக்கா

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பத்தியை மேசையில் தொடங்கினேன். பிறகு ஜன்னலோரம் நின்று எழுதினேன். இப்போது ஹாலில் நடந்துகொண்டே எழுதுகிறேன். இதற்குப் பாதிக் காரணம் முதுகுவலி. மீதிக் காரணம் என் அக்கா. என்னோடு கோபித்துக்கொண்டு போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

எல்லாம் அந்தத் தலைகீழ்க் கட்டிலால் வந்தது.

உட்கார்ந்து எழுதி எழுதியே என் இடுப்பு போய்விட்டது. கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். தலைகீழாகத் தொங்குகிற 'இன்வெர்ஷன் டேபிள்' என்று ஒன்று இருக்கிறது, சிலருக்குக் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், உங்களுக்கு பிரஷரும் இல்லை, கண்ணிலும் கோளாறு இல்லை, வேண்டுமானால் முயன்று பாருங்கள் என்றார். அந்த 'வேண்டுமானால்' என் கணவரின் காதில் விழவே இல்லை. நுவரெலியாவில் ஏதோ ஒரு விடுதி தன் ஜிம்மை மூடுகிறது என்று கேள்விப்பட்டு, அங்கிருந்த ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து ஹட்டனில் எங்கள் ஹாலில் இறக்கிவிட்டார்.

கணுக்காலைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேலே நீட்டினால் பலகை மெல்லச் சாயும். கால் மேலே, தலை கீழே! முதல் நாள் கண்ணைத் திறந்தால் சாமி படங்கள் எல்லாம் தலைகீழ். இடுப்பு இளகியது உண்மை. இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வலி திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே... அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். திம்புள்ள பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தலையில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை... சின்ன வயதிலிருந்து அதே வேலைதான். என் இடுப்புக்கே இந்தப் பாடு என்றால் அவள் இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

"நானும் கொஞ்சம் தொங்கிப் பாக்குறேன் புள்ள."

"அக்கா, பிரஷர் கிஷர் ஏதும் இருக்கா? இருந்தா இதுல ஏறக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"தலைசுத்து?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. மொதல்ல மாப்பிள்ளைய வெளிய போகச் சொல்லு."

என் கணவர் வாசலுக்குப் போனார். சேலை சரியாமல் இருக்க என் துப்பட்டாவால் முழங்காலோடு சேர்த்துக் கட்டினேன். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் அக்கா தலைகீழானாள்.

"எப்பிடிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கண்ணு செவந்துருச்சே?"

"ஒண்ணும் இல்ல."

முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கை எதையோ பிடிக்கத் தேடியது. "எறக்கவா?" என்றேன். "ஒண்ணும்... இல்ல..." என்றாள். குரல் குழறியது. நான் போட்ட கூச்சலில் கணவர் ஓடி வந்தார். இருவருமாகப் பலகையைத் திருப்பி, அவளைப் பாயில் கிடத்தினோம். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி மாத்திரையைப் பற்றி: "இன்னைக்கு குளிச போட்டேனா நானு?"

"என்ன குளிச?"

"பிரஷர் குளிச."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அத்தன தடவ கேட்டேனே! ஏன்க்கா சொல்லல?"

"நீ பெரட்டுல கேக்குற மாதிரி கேட்ட. வாயில அதுதான் வந்துச்சு."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அங்கேயும் உடம்புக்கு ஏதும் இருக்கா என்று கேட்பார்களாம். இருக்கு என்று சொன்னால், லயத்து வீட்டுக்குப் போய்ப் படு என்பார்களாம். அன்றைய பேர் போச்சு, நாள் சம்பளமும் போச்சு! அதனால் காய்ச்சலோ, தலைசுற்றோ, எதுவானாலும் அங்கே ஒரே பதில்தான். அதே பதிலை அவள் என் வீட்டு ஹாலிலும் சொல்லியிருக்கிறாள், கூடப் பிறந்தவளிடம்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? 'சுகமா' என்று கேட்கிற நாம் பதிலைக் கேட்கவா காத்திருக்கிறோம்? சுகம் என்றால்தானே அடுத்த பேச்சுக்குப் போகலாம்?

மறுநாள் விடாப்பிடியாக ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷரைப் பார்த்தவர், இன்னொரு முறை பார்த்தார். "உடம்புக்கு வேற ஏதும் வருத்தம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அக்கா திருப்பிக் கேட்டாள். "சொன்னா நாளைக்கு மலைக்குப் போகலாமுங்களா ஐயா?" மலை என்றால் அவளுக்குக் கொழுந்து மலை, வேலை.

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையே அக்காவுக்குப் போதுமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க."

நான் வாயைத் திறந்தேன். முதல் நாள் இரவு அவளிடம் கெஞ்சிக் கூத்தாடித் தெரிந்துகொண்டதை எல்லாம் கொட்டிவிட்டேன். காலையில் வருகிற தலைசுற்று, வீங்குகிற கால், தூக்கம் தூக்கமாக வருகிறது என்று வேலை நாட்களில் குளிசையை விட்டுவிடுவது... எதையும் மிச்சம் வைக்கவில்லை. பிரஷர் இறங்கும்வரை மலைக்குப் போகவே கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் புறப்பட்டபோதும் திரும்பவில்லை. நான் செய்தது சரிதானா? அவள் வேலையில் கை வைக்க நான் யார்? கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.

இன்று காலை பொறுக்க முடியாமல், அவளுக்குப் பக்கத்து வீட்டு மாரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வாசல்லதான் உக்காந்திருக்காங்க. ஒங்களத் திட்டித் திட்டித்தான் ஒவ்வொரு குளிசையும் முழுங்குறாங்க."

நல்லாத் திட்டுக்கா. ஒரு வேளைகூட விடாமல் திட்டு!