டேங்குக்கு ஒரு வாய்

இரும்பு மூடியில் காதை ஒட்டவைத்து, “என்னப்பு, பசிக்குதா?” என்று கேட்ட பிறகே சுருளியம்மாள் அன்றைய அரிசியை அளக்கிறார். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றின் சமையற்காரர் அவர். மூடிக்குக் கீழே இருக்கும் தொட்டியில் எச்சில் சோறும் காய்த்தோலும் மக்கி அடுப்புக்கு வாயு தருகின்றன. வாயு சேரச் சேர மூடி எழும்பும். சுவரில் அவர் கிழித்த சாக்பீஸ் கோட்டை அது எட்டினால் அன்றைய சமையல் வாயுவிலேயே முடிந்துவிடும். எட்டாவிட்டால் ஈர விறகுதான். பதினொரு ஆண்டுகள் அந்தப் புகையில் கலங்கிய கண்கள் அவருடையவை.

தொட்டியின் ஒரே எதிரி அவருடைய கைமணம். எழுபத்திரண்டு பிள்ளைகளும் தட்டை வழித்து நக்கிவிடுகிறார்கள். மறுநாள் மூடி எழும்ப மறுக்கிறது.

“சேச்சி, ஒரு நாள் உப்பைக் கூட்டிப் போடுங்களேன், கொஞ்சம் மிச்சம் விழும்” என்றார் தலைமையாசிரியை ஷீனா.

“நல்லாருக்கே டீச்சர்! டேங்கு திங்கிறதுக்கு நான் கெட்ட பேரு வாங்கணுமாக்கும்?”

அன்று முதல் வாளியோடு சுற்றுலா விடுதிகளின் பின்வாசலுக்குப் போகிறார். “பாதி பிரியாணிய அப்படியே வச்சுட்டுப் போறாக. மகராசனுக நல்லாருக்கணும்!” ஒருமுறை வாளி நிறைய எலுமிச்சைத் தோலும் ஊறுகாயும் வந்து சேர, நான்கு நாள் அடுப்பு பற்றவில்லை. “புளியேப்பம் வந்துருச்சு எம்புள்ளைக்கு” என்று சாணம் கரைத்து ஊற்றி, மூடியைத் தடவிக்கொடுத்தார்.

போன வாரம் கல்வி அலுவலர் வந்தார். இரண்டு நாள் தொடர்ந்து அடுப்பு எரிந்தால் தொட்டி இங்கேயே இருக்கும்; இல்லையேல் வேறு பள்ளிக்குப் போய்விடும் என்றார். முதல் நாள் நீலச்சுடர் நின்று எரிந்தது. சோறு, சாம்பார், பயறு மூன்றும் வெந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள், சுருளியம்மாள் கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பிறகுதான் தட்டுகளைப் பார்த்தார். எழுபத்திரண்டும் கண்ணாடியாய் மின்னின. இரண்டு நாளாக அடைமழை. விடுதிகளில் ஈ காக்கை இல்லை. மிஞ்சியிருந்தது அலுவலரின் தட்டு ஒன்றே. அவரும் கடைசிப் பருக்கையைத் துரத்திக்கொண்டிருந்தார்.

“மதி, மதி!” என்று மலையாளத்தில் போதும் சொல்லி, அவர் இரு கைகளாலும் தட்டை மூடினார்.

“நல்லாச் சாப்புடுங்கய்யா. முடியலேன்னா வச்சுருங்க, தப்பே இல்ல!”

விரலிடுக்கில் வழி கண்டு மூன்றாவது கரண்டிச் சோற்றைக் குவித்த சுருளியம்மாள், வெறும் வாளியைக் காலால் மெல்ல அவர் பெஞ்சுக்கு அருகே நகர்த்தினார்.