நீலம் ஒட்டாத கதவு

பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னை லவான் முதலில் காதருகே வைத்துத்தான் பார்ப்பார். மோட்டார் சத்தம் பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார். பிறகு கன்னின் பெயின்ட் கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அந்தக் கனத்தை மணிக்கட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் அட்டையில் தண்ணீரை அடித்துவிட்டு, அது காயும்வரை இடது கையை இடுப்பில் ஊன்றி நிற்பார். அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். பள்ளிப் பேருந்தின் கதவு நசுக்கியது அது.

விஸ்கான்சின் மாநிலத்துப் பனியில் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பேருந்தில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் அம்மாள் லவான். ஓய்வு பெற்ற பிறகும், பின்னால் யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று கண்ணாடியில் பார்க்கும் பழக்கம் போகவில்லை. எங்கள் கடையில் திருட்டுக்குப் பயந்து மாட்டியிருக்கும் வட்டக் கண்ணாடியைப் பார்த்தபடிதான் என்னோடு பேசுவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் நானும் ஒருமுறை அந்தக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்துவிடுவேன்.

நான் பெயின்ட் பகுதியில் இருக்கிறேன். பெயர் சம்பந்தம், ஊருக்கு நான் சாம். வீட்டுச் சில்லறை வேலைக்கு மலிவாக ஒரு கன் கேட்டு வருகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து நாற்காலிக்கு வாங்குவார்கள், கழுவாமல் வைப்பார்கள், கன்னின் மூக்கு அடைத்துக்கொள்ளும், கதை முடிந்தது. லவான் மட்டும் வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்தபடி இருந்தார், அதுவும் புதிதுபோல் கழுவித் துடைத்து.

"என்ன குறை இதுல?" என்று கேட்டேன்.

"கன்னுல ஒரு குறையும் இல்லப்பா. கிழவி விடமாட்டேங்கறா."

கிழவி என்றால் ஹில்டா, லவானின் மாமியார். போன பனிக்காலத்தில் ஏரி உறைவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அவர் ஆண்ட சமையலறையில் அலமாரிக் கதவுகள் எல்லாம் கரும்பழுப்பு ஓக் மரம். "வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா ஒவ்வொரு கதவுக்கும் எலுமிச்ச வாசன பாலீஷ் போட்டாகணும். அதுக்கப்புறம்தான் வெளிய மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பலாம். கல்யாணமானதுலேர்ந்து அந்த இருட்டுப் பொந்துலதான் சமைக்கறேன். ஒரு ஸ்பூன இடம் மாத்தி வெச்சா, மறுநாள் அது பழைய எடத்துல இருக்கும்" என்பார் லவான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் அவர் செய்த முதல் வேலை, கதவுகளைக் கழற்றி, கார் நிறுத்தும் கராஜுக்குக் கொண்டுபோனது. வெளிர் நீலம் அடிக்கப்போகிறார். அதுவரை அந்தச் சமையலறையில் அடுப்பு மூட்டுவதில்லை என்று, மின்சாரப் பானையை கராஜில் வைத்து, மரத்தூளுக்கு நடுவே பீன்ஸும் மாட்டிறைச்சியும் வேகவைத்துச் சாப்பிடுகிறார்.

"கதவு நீலமாச்சுன்னா அது என் வீடு, நான் இருக்கேன். ஆகலைன்னா க்ரீன் பே ஊர்ல தங்கச்சி வீடு இருக்கு. டுவெயின் அவங்கம்மாவோடயே குடித்தனம் பண்ணட்டும்." சொல்லும்போது சிரிக்கவில்லை. டுவெயின் அவர் கணவர்.

முதலில் எடுத்த கன் இருப்பதிலேயே மலிவானது. அது பெயின்டைத் தூவவில்லை, துப்பியது. காய்ந்த கதவில் ஒரு இடத்தில் மட்டும் நீலம் ஒட்டாமல் திட்டாக விலகியிருந்தது. அடுத்தது பேட்டரியில் ஓடுவது, கொஞ்சம் மெல்லிய தூறல். அதில் அந்தத் திட்டுக்கு நான்கு விரல்கள் வந்தன. மூன்றாவது இன்னும் சற்று விலை. அதில் உள்ளங்கை தெரிந்தது. கன் நன்றாக ஆக ஆகக் கையும் தெளிவாகிக்கொண்டே வந்தது. போனில் படத்தைக் காட்டி, விரலால் பெரிதாக்கி, "ரேகைகூட இருக்கு பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. போனை அவர் பக்கமே தள்ளினேன்.

கை தெரிவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த மாதிரி பாலீஷில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். மரத்தில் ஊறிவிட்டால் பெயின்ட் அதன் மேல் நிற்காமல் பின்வாங்கும். துணியால் துடைத்த இடத்தில் லேசாக, பாலீஷ் பட்ட கையால் கதவை அழுத்திப் பிடித்த இடத்தில் ஆழமாக. பிரஷ் இழுத்து மறைத்துவிடும், கன் மறைக்காது. கதவை ஸ்பிரிட் போட்டுக் கழுவி, அடியில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு அடித்தால் தீர்ந்தது. இத்தனையும் சொன்னேன்.

"அவ கைய நான் எதுக்குக் கழுவணும்? உசுரோட இருக்கறப்ப அவளுக்குச் செஞ்சது பத்தாதா?" என்றார் லவான். "நல்ல கன்னா ஒண்ணு குடு. அவளத் தாண்டி பெயின்ட் உக்காரட்டும்."

எங்களிடம் அவர் கைக்கெட்டும் விலையில் இன்னும் ஒன்றுதான் இருந்தது: தோளில் மாட்டும் மோட்டார், நீளக் குழாய், புகைபோலத் தூவும் மூக்கு. "நீயே வந்து பாரு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்காத" என்றதால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கன்னோடு நானும் போனேன்.

கராஜுக்குப் போகும் வழியில் அந்தச் சமையலறையைக் கடந்தோம். கதவில்லாத அலமாரிகளில் கோப்பைகள் எல்லாம் எங்களைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. எலுமிச்சை வாசனை இன்னும் போகவில்லை.

லவான் கையுறை மாட்டிக்கொண்டார். அடுப்புக்கு மேலிருந்த பெரிய கதவு அது. ஒரே சீராக, பேருந்து ஓட்டுகிற நிதானத்தோடு அடித்தார். கதவு முழுக்கப் பால்போல நீலம் படிந்தது. ஒரு குறையும் இல்லை. அவர் முகம் மலர்வதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது.

அப்போது நீலம் மெல்ல நகர ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஒவ்வொரு விரலாக, உள்ளிருந்து யாரோ கையை விரிப்பதுபோல. கடைசியாகச் சுண்டுவிரல். இதுவரை எந்தக் கன்னும் காட்டாத விரல்.

"பாத்தியா, வந்துட்டா" என்றார் லவான்.

மீன் வறுவலுக்குக் கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற டுவெயின், எட்டிப் பார்த்தார்.

"அம்மா கை இல்லையே இது. அவங்களுக்கு வெரலெல்லாம் நேரா இருக்கும்." பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இடுப்பு போனப்புறம் அவங்க எங்க எழுந்தாங்க? நாற்காலில உக்காந்து சொல்லுவாங்க. வருஷக்கணக்கா தொடைச்சது நீதானே."

அந்தச் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

லவான் மோட்டாரை நிறுத்தினார். இடது கையுறையை விரல் விரலாக உருவினார். ஈரக் கதவில், அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் நீலம் நிறைந்திருந்த இடத்தில் கையை வைத்து, வெகுநேரம் அழுத்திப் பிடித்தபடி நின்றார். பிறகு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒரு பொட்டு நீலம்கூட ஒட்டியிருக்கவில்லை.