சேலை போர்த்திய பிரிட்ஜும் நானும்

அடுத்தவர் வீட்டில் எத்தனை பல்ப் எரிகிறது என்று எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. எனக்கு அதுதான் வேலை. நகரத்தில் கறண்ட் எங்கே வீணாகிறது, எந்தக் கூரையில் சோலர் பூட்டலாம் என்று திட்டம் போடுகிறார்கள். அதற்கு வீடு வீடாகக் கேட்க வேண்டும். அரியாலையில் ஒரு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க, என் பொறுப்பு. நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்களைக் கண்டால் குரல் வராதவள். மாத முடிவுக்குள் பாதி வீடாவது கதைக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று பொறுப்பாளர் அக்கா சொல்லியிருந்தா. பிள்ளைக்குப் பால்மா இந்தச் சம்பளத்தில்தான். கூச்சத்தோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

படலை

முதல் வீட்டுப் படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. நாய் மட்டும் ஓடி வந்து குரைத்தது. திரும்பிப் போகவும் மனமில்லை, இன்னொருக்கால் கூப்பிடவும் வாய் வரவில்லை. கடைசியில் ஒரு ஐயா சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை, குரைச்சுக் குரைச்சு நாயே களைச்சுப் படுத்திட்டுது. நீ இன்னும் வாய் திறக்கேல்லையோ?"

உடுப்புப் பெட்டி

இன்னொரு வீட்டு அக்கா என்னைக் கண்டதும் உள்ளே ஓடினா. நான் போய்ப் பார்க்க, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் பிரிட்ஜுக்கு மேல் பழைய சேலை. பிரிட்ஜ் இருக்கு என்று தெரிந்தால் அரசாங்க உதவிப்பணம் வெட்டுப்படும் என்று ஒழுங்கை முழுக்கக் கதை.

"அது உடுப்புப் பெட்டி" என்றா. பெட்டி அந்த நேரம் பார்த்து உறுமத் தொடங்கியது. இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம். உதவிப்பணத்துக்கும் நான் எடுக்கிற கணக்குக்கும் தொடர்பில்லை என்று மெல்லச் சொன்னேன். சேலையை இழுத்தா. கதவு றப்பர் பிய்ந்து, குளிர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன்.

"ஐயோ, இவ்வளவு காலமும் நான் குசினிக்கெல்லோ ஏசி போட்டிருக்கிறன்!"

புது பல்ப்

கறண்ட் குறைவாக இழுக்கிற பல்ப் சில வீடுகளுக்குச் சும்மா கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அவை கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் பெட்டியோடு இருந்தன. மேலே பழைய குண்டு பல்ப் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"மகன் கனடாவிலையிருந்து வரேக்கை போடுவம் பிள்ளை. இப்ப ஆர் பாக்கப்போகினம்?"

கடைசி வீடு

மாதம் முடிகிற அன்று, பாதிக்கு ஒரு வீடு குறைந்தது. பொறுப்பாளர் அக்காவும் என்னோடு வந்தா. இறால் வியாபாரம் செய்கிற அண்ணை ஒருவரின் வீடு. அக்கா படலையில் நின்றே, மோட்டர் எத்தனை, ஐஸ் பெட்டி எத்தனை, பில் எவ்வளவு என்று அடுக்கினா.

"இஞ்சை ஒண்டும் இல்லை" என்று அண்ணை படலையைச் சாத்தினார். என் வேலையும் அதோடு சாத்துப்பட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் மேலே கண் போனது.

"அண்ணை, தண்ணித் தாங்கி வழியுது."

ஓடிப் போய் மோட்டரை நிற்பாட்டிவிட்டு வந்து படலையைத் திறந்தார். அக்கா திரும்பவும் தொடங்க, கையைக் காட்டி மறித்தார்.

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ தங்கச்சி, உவள் கேக்கட்டும். என்னைக் கண்டு நடுங்குற பிள்ளைக்கு நான் என்னெண்டு பொய் சொல்லுறது?"

அடுத்த ஒழுங்கையையும் எனக்கே தந்திருக்கிறார்கள், எங்கே எனக்குத் தைரியம் வந்துவிடுமோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.