தெங்கேராவுக்கு வானிலை

என் முதுகில் அம்மன் வந்து ஏறிவிட்டாள் என்று நான் நம்பினேன். ஊரில் இத்தனை முதுகுகள் இருக்க, ஜாலான் பெண்டஹாராவில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் ஒரு கடைச் சிப்பந்தியின் முதுகை அவள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பயந்தவனுக்குத் தன்னைப் பற்றி எப்போதும் கொஞ்சம் உயர்ந்த எண்ணம்தான்.

நாட்டின் சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தலைவர்கள் மலாக்காத் திடலில் அறிவித்துவிட்டுப் போயிருந்த சமயம் அது. சீனப் பெருநாளை ஒட்டி அடிக்கிற வெயில் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வருடம் சில நாட்கள் அடித்தது வேறு ரகம். கடலோர ஊர் என்று பெயர்தான், காற்றே கிடையாது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை மத்தியானத்தில் யாரோ ஏறி நடக்கிறமாதிரி சத்தம் போடும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சுதந்திரம் வந்தால் என்னவாகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான்: மழை எப்போது வரும்?

அதைத் தினமும் என்னிடம் கேட்டவர் என் அண்ணன். ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலையில் பாதி மூச்சைத் தொலைத்துவிட்டு, தெங்கேராவில் மகள் வீட்டில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும்கூட. வெயில் ஏற ஏற அவருக்கு மூச்சு திணறியது. ஒரு மழை பெய்து காற்று குளிர்ந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்குவார் என்று நினைத்தோம்.

எங்கள் கடை முதலாளி ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தார். மாலைச் செய்தி முடிந்ததும் வானிலை சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தால் நேரே தெங்கேரா. அண்ணன் ஜன்னல் பக்கம் படுத்தபடியே கேட்பார்.

"என்னடா தம்பி, இன்னிக்கு என்ன சொல்றான்?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரேடியோக்காரர் குரலில் ஆரம்பிப்பேன். மேற்குக் கரையோரப் பகுதிகளில் வெப்பம் நீடிக்கும். தெங்கேராவில் ஜன்னலோரம் படுத்திருக்கும் ஒரு பெரியவர் மேல் மட்டும் லேசான தூறல். சொல்லிவிட்டுச் செம்பிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீரை அவர் முகத்தில் தெளிப்பேன். அவர் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும், அண்ணன் மகள் அடுப்படியிலிருந்து, சித்தப்பா சும்மா இருக்கமாட்டீங்களா என்று திட்டுவாள். அவர் மட்டும் மறுநாள் மறுபடியும் கேட்பார்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒருநாள் தூறல் போட்டு முடித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கொள்ளி வைக்க நீதான்டா. மருமகன் பாவம், அவன் கை நடுங்கும்."

அந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவன் நல்ல மனிதன். எனக்குத் தெரியாது. "அப்படின்னா வெயில் இருக்கறப்பவே கிளம்பிடுங்க, விறகு நல்லா காஞ்சிருக்கும்" என்றேன்.

"சரி, மழை வர்றதுக்கு முந்தின நாள் வந்து சொல்லு. தயாரா இருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

இரண்டொரு நாள் கழித்துக் குளிக்கும்போது முதுகில் கை வைத்தேன். மணல் மணலாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சிவப்புப் புள்ளிகள். பத்து பெரெண்டாம் பக்கம் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறதாம் என்று ஒரு வாடிக்கைக்கார அம்மா காலையில்தான் சேலைக்கு விலை பேசும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அந்த வெயிலில் குடைக்காம்புகூடச் சுட்டது என்பது எனக்குத் தோன்றவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேர்க்குரு மாதிரி இருக்குங்க" என்றாள். அம்மனை வேர்க்குரு என்கிறாயே, நாக்கு வெந்துபோகும் என்று அவளை அடக்கினேன். அவள் பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்து வந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி கும்பிடுவது எங்களைப்போல, பேசுவது மலாய். அவர் வாசற்படியில் நின்றே என் முதுகைப் பார்த்துவிட்டு, வெறும் சூடுதான், சந்தனம் பூசு என்று மலாயில் சொன்னார். எங்கள் தெருவிலேயே அவர்களுடைய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பரம்பரை பரம்பரையாக அவளோடு குடியிருப்பவர் சொல்கிறார். நேற்று வந்து சேர்ந்தவன்போல நான், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் வீட்டு மரத்து வேப்பிலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மனைவி விடவில்லை. டாக்டர் இல்லாவிட்டாலும் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸரையாவது கூட்டி வரட்டுமா என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அரசாங்க ஆள் பார்த்தால் வண்டியில் ஏற்றி எங்காவது தனியாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவான் என்று ஒரு பயம், அம்மன் இருக்கிற உடம்பில் மருந்து பட்டால் என்னாகும் என்று இன்னொரு பயம். சந்தேகம் என்று வந்துவிட்டால் அம்மன் பக்கம்தானே நிற்க வேண்டும்? மனைவியும் நின்றாள். நிலைப்படியில் வேப்பிலை ஏறியது.

அதற்குப் பிறகு வீடு அம்மன் வீடு. தாளிப்புக் கூடாது, எண்ணெய் கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, நான் யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது, தீட்டுச் செய்தி வாசலுக்கே வரக்கூடாது. வாழையிலையில் படுத்துக் கூழ் குடித்துக்கொண்டு முனகினேன். ராகம் போட்டு முனகினேன் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அப்போது பட்ட பயத்தில் இப்போது பாதியாவது எனக்குச் சிரிப்பாக வருகிறது. மீதிப் பாதிக்குத்தான் இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தெங்கேரா மட்டும் மனதை அரித்தது. கடை வாசலில் மிஷின் போட்டிருந்த தையல்காரர் என் கூட்டாளி. அவரை வானிலைக்கு அமர்த்தினேன். மாலையில் கடையில் ரேடியோவைக் கேட்டுவிட்டு முதலில் அண்ணனிடம் போய்ச் சொல்வார். திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு எதிரே, லோங்காங் என்கிற சாக்கடைக்கு அந்தப்பக்கமே சைக்கிளை நிறுத்திக்கொண்டு கத்துவார். சாக்கடையைத் தாண்டினால் அம்மன் பிடித்துக்கொள்வாள் என்று அவருக்குப் பயம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

"யோவ், வெயில்தானாம். நாளைக்கும் வெயில்தானாம்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"நான் சொன்னா வானிலை மாதிரி இல்லையாம். எழவு விழுந்த வீட்டுல பேசற மாதிரி இருக்காம். உன்னைத்தான் வரச் சொல்றாரு."

தூறல் போட்டாயா என்று கேட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா என்றார். மழை பெய்து உடம்பு குளிர்ந்ததும் முதல் வேலையாக வருகிறேன், அதுவரை பிடித்துக்கொண்டிருக்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன். எதைப் பிடித்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நாளும் அண்ணன் என்னைத்தான் வரச் சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த நாளும் தையல்காரர் வந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. "நாளைக்குப் பிற்பகல் இடியோட மழைன்னு சொல்றான்" என்று ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா? என்ன சொன்னாரு?"

கடையில் வேலை இருக்கிறது என்று முனகிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அம்மன் லோங்காங்கைத் தாண்டிவிட்டாள்போல, ஆள் ஓடுகிறான் பார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அன்று மத்தியானம் குழாயடிக்குப் போய் வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. தாளிப்பில்லாமல் சமைத்துச் சமைத்து உனக்கே நாக்குச் செத்துப்போச்சா என்று அதையும் கேலி செய்தேன்.

ரேடியோக்காரர் சொன்னபடியே மழை வந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வீட்டுக்குள் பேச்சே கேட்கவில்லை. நான் வாழையிலையிலிருந்து எழுந்து ஜன்னலோரம் நின்று, இப்போது தெங்கேராவிலும் கொட்டும், இப்போது அண்ணன் மூச்சு விடுவார் என்று சத்தமாகச் சொன்னேன். கையை வெளியே நீட்டி நனைத்தேன். அண்ணனிடம் போய் அந்த மழையை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் குரலை ஏற்றுவது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

மறுநாள் காலை மனைவி வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முதல் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு என் முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க."

"அம்மன் இறங்கிட்டாளா?"

"ஏறவே இல்லைங்க" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் மழைக்கு முந்தின நாள் மத்தியானமே இறந்துவிட்டார். செய்தி சொல்ல வந்த மருமகன் எங்கள் நிலைப்படியில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, குழாயடியில் நின்ற என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அம்மை போட்ட வீட்டுக்குள் சாவுச் சேதி போகக்கூடாது என்பதால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை, மழைக்கு முன்பே, மருமகன் கொள்ளி வைத்தான். விறகு நன்றாகக் காய்ந்திருந்ததாம். எனக்கு வந்திருந்தது வேர்க்குரு.